பிள்ளைகளோடு பட்டணம் போகுமுன்...

 

பண்ருட்டியிலிருந்து சென்னை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பஜ்ரு தொழுதுவிட்டுப் பேருந்து ஏறினால் ளுஹருக்கு முன்பே பட்டணத்தின் வாயிலில் இறங்கிவிடலாம். இவ்வளவு அருகில் இருந்தும், நம் வீடுகளில் பதினைந்து, பதினாறு வயதை எட்டிய பிள்ளைகளில் பலர் சென்னையைக் கண்டது கல்யாண வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போன வழியில்தான். "ஒரு சனி, ஞாயிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்களேன்" என்று சொன்னால், "அதற்கென்ன, போனால் போயிற்று" என்பார்கள். அப்படிப் போனால் போயிற்று என்று போய் வந்த ஒரு தகப்பன் நான். நீங்கள் அவ்வாறு போக வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் முதற் பயணத்தின் கதை சுருக்கமானது. மகளுக்கு அப்போது வயது பதினாறு, மகனுக்குப் பதினான்கு. பதினோரு இடங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தத் தாளை நான் மட்டுமே பார்த்தேன். வண்டலூரில் தொடங்கிய ஓட்டம் எங்கும் நிற்கவில்லை. ஒவ்வோரிடத்திலும், "பார்த்தாயிற்றா? கிளம்புங்கள்" என்பதுதான் என் பேச்சு. இரண்டாம் நாள் மாலை, தியாகராய நகர் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மகனைக் காணவில்லை. பணம் முழுவதும் என் பையில். தங்கியிருந்த விடுதியின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பாத்திரக் கடை வாசலில் அவன் அசையாமல் நிற்பதைக் கண்டோம், அல்ஹம்துலில்லாஹ். அவன் அழவில்லை. ஆனால் ஊர் திரும்பும் வரை பேசவுமில்லை.

பேருந்து திண்டிவனத்தைத் தாண்டிய பிறகு மகள்தான் வாய் திறந்தாள். "அத்தா, நான் படிக்கணும்னு சொல்ற ஊரை நீங்க எனக்குக் காட்டவே இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சென்னையில் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. "கடலூரில் இல்லாத கல்லூரியா? சிதம்பரத்தில் 1929 இலேயே தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இல்லையா? வயசுப் பிள்ளையை எதற்குப் பட்டணத்துக்கு அனுப்புவது?" என்பது என் மனைவியின் கட்சி. நான் இரு பக்கமும் தலையாட்டிக் காலம் கடத்தினேன். வீட்டில் ஓராண்டாக நடந்துவந்த இந்த வழக்கில், அந்தப் பட்டணத்தையே சாட்சியாக அழைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பயணத்தை அதற்காகவே வைத்துக்கொண்டோம். முதலில் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பார்த்துத் திட்டமிட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படியொரு வழக்கு இருக்கக்கூடும்; ஆகையால் நாங்கள் செய்ததைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

முதலில் காலம். பண்ருட்டிக்காரர்களுக்கு இது தனிக் கணக்கு. ஊரெல்லாம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படும் கோடை விடுமுறையில்தான் நமக்குப் பலாவும் முந்திரியும். மே மாதத்தில் மண்டியை விட்டு யார் நகர்வது? பருப்புக் கடை வைத்திருக்கும் எனக்கும் அதே கதிதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குரியவை. டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை உண்டு. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் நம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்ததைக் கண்ணால் கண்டவர்கள் அந்த மாதத்தை எளிதில் நம்ப மாட்டார்கள். மீதமிருப்பவை ஜனவரியும், ஜூலைக்குப் பின் மழைக்கு முந்திய வாரங்களும். நாங்கள் ஜனவரியைத் தேர்ந்தோம். வெயில் இல்லை; செய்முறைத் தேர்வுகள் தொடங்கியிருக்கவில்லை. பொங்கலை ஒட்டிய நாள்களில் மட்டும் போகாதீர்கள். பேருந்திலும் இரயிலிலும் நிற்க இடமிருக்காது.

சனி, ஞாயிறு போவதில் இன்னொரு வசதியும் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை. வார இறுதியில் இரண்டும் திறந்திருக்கும். ஆனால் வண்டலூரை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. 600 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்தக் காட்டைச் சுற்றி வரவே ஒரு பகல் முழுவதும் போய்விடும்.

அடுத்தது, யார் திட்டமிடுவது என்பது. ஒரு வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பின் நால்வரும் அமர்ந்தோம். ஆளுக்கு ஓர் இடம்; ஒருவர் கேட்பதை மற்றவர் தட்டக் கூடாது; ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் கிடையாது. இவை மட்டுமே விதிகள். மகள் கல்லூரியைக் கேட்டாள். மகன் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தைக் கேட்டான். அதோடு சிக்கன் 65 தின்ன வேண்டும் என்றான். அதை இடம் என்று எண்ணுவதா, உணவு என்று எண்ணுவதா என்று சிறிது நேரம் வழக்காடி, உணவுக் கணக்கில் சேர்த்தோம். நான் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலைக் கேட்டேன். என் மனைவி தியாகராய நகர் என்றாள். மகன் முகம் சுளித்தான். ஆனால் விதி விதிதான்.

பிறகு பொறுப்புகளைப் பிரித்தோம். வழி கண்டுபிடிப்பது மகள் வேலை. வரவு செலவும் தொழுகை நேரமும் மகன் வேலை. சாப்பாடும் துணிமணியும் மனைவியிடம். சீட்டு எடுப்பதும் அறை பதிவு செய்வதும் மட்டுமே என்னிடம். மற்ற நேரங்களில் வாயை மூடிக்கொண்டிருப்பது என் கூடுதல் பொறுப்பாக ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவர் பையிலும் கொஞ்சம் பணம்; விடுதியின் பெயரும் எங்கள் இருவரின் தொலைபேசி எண்ணும் எழுதிய ஒரு துண்டுத்தாள்; அடையாள அட்டை. "கைப்பேசிதான் இருக்கிறதே, தாள் எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துபோவது எப்போதும் வேண்டாத நேரத்தில்தான். எந்த இடத்துக்குப் போனாலும், உள்ளே நுழையுமுன் "பிரிந்துவிட்டால் இங்கே நிற்க வேண்டும்" என்று ஓரிடத்தைக் குறித்துக்கொண்டோம். அந்தப் பாத்திரக் கடை வாசல் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது.

போகும் வழியைப் பற்றி ஒரு சொல். நம் பெரியவர்களின் காலத்தில் பேருந்தில் ஏறினால் பாரிமுனையில் இறங்கலாம். 2002 இல் கோயம்பேடு நிலையம் வந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பின், தெற்கிலிருந்து செல்லும் பேருந்துகளில் பெரும்பாலானவை வண்டலூரை அடுத்த அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரத்தின் நடுப்பகுதிக்கு இன்னும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போக வேண்டும். இரவில் பெட்டியும் பிள்ளைகளுமாக அங்கே இறங்கி அடுத்த வண்டி தேடுவது அலுப்பு. ஆகவே விழுப்புரம் வரை பேருந்து, அங்கிருந்து இரயில் என்று வைத்துக்கொண்டோம். சீட்டு எடுக்கும்போது வண்டி எழும்பூர் வரை செல்கிறதா, தாம்பரத்தோடு முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கிளம்பி இரவில் எழும்பூர் சேர்ந்தால், சனிக்கிழமை முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

தங்குமிடம் பற்றிப் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. திருவல்லிக்கேணியில் மலிவான அறைகள் நிறையக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்குள்ள 'மேன்சன்'கள் தனி ஆண்களுக்கானவை, குடும்பத்துக்கு ஆகா. எழும்பூர் நிலையத்தைச் சுற்றிக் குடும்பத்தோடு தங்கும் விடுதிகள் பல உள்ளன. உறவினர் வீட்டில் தங்கலாமே என்று என் தாயார் வற்புறுத்தினார். சென்னையில் உறவினர் இல்லாத பண்ருட்டிக் குடும்பம் ஏது? ஆயினும் இரண்டு அறை வீட்டில் நான்கு பேர் போய் இறங்கினால், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சமையற்கட்டே கதியாகிவிடும். நம் பிள்ளைகளும் கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பார்கள். முந்திரிப் பொட்டலத்தோடு போய் ஒரு மணி நேரம் இருந்து, சலாம் சொல்லி வருவதே இரு தரப்புக்கும் நல்லது. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

தொழுகையின் பொறுப்பை மகனிடம் விட்டதில் எனக்கு ஒரு நன்மை விளைந்தது. பிரயாணத் தொழுகையின் சட்டங்களை அவனே போய்க் கேட்டு வந்தான். ஹனஃபிகளான நாங்கள் பயணத்தில் நான்கு ரக்அத் ஃபர்ளை இரண்டாகச் சுருக்கியே தொழ வேண்டும்; இரு நேரத் தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்ப்பதற்கு மத்ஹபில் இடமில்லை. ஷாஃபிஈ மத்ஹபினருக்குச் சுருக்கவும் அனுமதியுண்டு. ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்க்கவும் அனுமதியுண்டு. உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நின்றால் எவராயினும் முழுமையாகவே தொழ வேண்டும். உங்கள் மஹல்லா இமாமிடம் பிள்ளைகளையே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். நாம் சொன்னால் காதில் ஏறாதது அங்கே ஏறுகிறது. பெண்கள் தொழ வசதியான இடம் எங்கே என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் அறைக்குத் திரும்பியே தொழுதார்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் என்ற விதி அதற்கும் கைகொடுத்தது.

சனிக்கிழமை காலை. எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் இறங்கி வேறு தடத்துக்கு மாறி, தேனாம்பேட்டையில் இறங்க வேண்டும் என்று மகள் சொன்னாள். ஆட்டோவில் போய்விடலாமே என்று வாய் வரை வந்தது. என் கூடுதல் பொறுப்பை நினைத்து அடக்கிக்கொண்டேன். சென்ட்ரலின் நிலவறைப் படிகளில் அவள் ஒரு தவறான பக்கம் திரும்பினாள். தானே உணர்ந்து, பலகையைப் படித்து, எங்களைத் திருப்பி அழைத்து வந்தாள். என் மனைவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்ததை நான் கவனித்தேன். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை நினைவூட்டி, "அம்மாவையும் அக்காவையும் பஸ்ஸிலேயே அனுப்பியிருந்தா ரெண்டு டிக்கெட் மிச்சம்" என்றான் எங்கள் கணக்கப்பிள்ளை.

பெண் பிள்ளைகளுக்கென்று நம் முன்னோர் சென்னையில் செய்து வைத்ததை நாம் போதிய அளவு சொல்லிக் கொடுப்பதில்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய பஷீர் அஹ்மத் சயீத் அவர்களின் முயற்சியில் 1955 இல் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி தொடங்கிற்று. முஸ்லிம் பெண் கல்லூரிக்குப் போவது ஊர்ப் பேச்சாக இருந்த காலம் அது. இன்று அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அண்ணா சாலையில் 1974 இல் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரி காயிதே மில்லத் அவர்களின் பெயரைக் கொண்டது. ஆண்களுக்கென 1951 இல் இராயப்பேட்டையில் நியூ காலேஜ் எழுந்தது. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் உழைப்பு அது.

மகள் பார்க்க விரும்பிய கல்லூரிக்குச் சில நாள்களுக்கு முன்பே தொலைபேசியில் பேசி, சனிக்கிழமை அலுவலகம் உண்டா என்று கேட்டு வைத்திருந்தோம். நீங்களும் கேட்காமல் போகாதீர்கள். பெண்கள் இருவரும் உள்ளே சென்றனர். நானும் மகனும் வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் நின்றோம். என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒன்பது கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். விடுதியில் ஓர் அறையில் எத்தனை பேர், சமையல் எப்படி, இரவில் காய்ச்சல் கண்டால் யார் பார்ப்பார்கள், தொழ இடம் உண்டா, பிள்ளை வெளியே போனால் பெற்றோருக்குத் தகவல் வருமா என்பன போன்றவை. "பட்டணம் வேண்டாம்" என்று ஓராண்டாகச் சொல்லி வந்தவளுக்குள் இத்தனை கேள்விகள் இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார்கள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பசி என்றார்கள்.

அண்ணா சாலையில் 1951 முதல் இயங்கி வரும் புகாரி உணவகம், சிக்கன் 65 தன் அடுக்களையில் 1965 இல் பிறந்தது என்று உரிமை கொண்டாடுகிறது. எண்ணுக்கு வேறு காரணம் சொல்வோரும் உண்டு. மகன் அந்த ஆராய்ச்சியில் இறங்கவில்லை.

மாலை நேரத்தைத் திருவல்லிக்கேணிக்கு வைத்திருந்தோம். இந்த இடத்தில் உங்களைச் சற்று நிறுத்தி வைக்கப் போகிறேன்.

வாலாஜா பள்ளிவாசலைப் பலரும் பெரிய பள்ளிவாசல் என்றே அறிவர். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795 இல் கட்டியது. சாம்பல் நிறக் கருங்கல்லால் ஆன கட்டடம். மரமும் இரும்பும் சேர்க்காமல் எழுப்பியது. முன்னே பரந்த வெளி. இரு மினாராக்கள். இவ்வளவையும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். அவர்களை நிற்க வைப்பது கல்லில் பொறித்துள்ள ஆண்டுக் குறிப்புதான். அதை இயற்றியவர் நவாபிடம் அந்தரங்கச் செயலாளராக இருந்த ராஜா மக்கன் லால் என்னும் ஹிந்து அறிஞர். 'திக்ருல்லாஹி அக்பர்' என்ற சொற்றொடருக்குள் பள்ளிவாசலின் ஆண்டை அவர் ஒளித்து வைத்தார்.

அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அப்ஜத் கணக்கு என்பர். இதை நான் ஒரு தாளில் எழுதி மகனிடம் கொடுத்தேன். மக்தபில் ஓதிய பிள்ளைக்கு எழுத்துகள் தெரியும். கூட்ட வேண்டியதுதான் பாக்கி. தால் 700, காஃப் 20, ரே 200, இவை 920. அல்லாஹ் என்ற திருநாமத்துக்கு 66. அக்பர் என்ற சொல்லில் அலிஃப் 1, காஃப் 20, பே 2, ரே 200, ஆக 223. மூன்றையும் கூட்டினால் 1209. அது ஹிஜ்ரி ஆண்டு. கைப்பேசியில் அதற்குரிய ஆங்கில ஆண்டைத் தேடிய மகன், "1794, 95 அத்தா!" என்று பள்ளிவாசல் முற்றத்தில் கூவியதில், திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உங்கள் பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லிவிடாதீர்கள். எண்களை மட்டும் கொடுங்கள்.

அதே வளாகத்தில்தான் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் அடக்கத்தலம் இருக்கிறது. அவர் மறைந்தது 1972 ஏப்ரல் 5. அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது, தமிழின் பழைமையை எடுத்துக்காட்டி அதற்காக வாதாடியவர் அவர். தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் என் மகளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. நான் சொல்லிக் கொடுக்காததே காரணம். ரமளானில் இங்கே நோன்பு திறப்போருக்கு உணவு சமைத்து வந்து பரிமாறும் சூஃபிதார் அமைப்பினர், சிந்து மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய ஹிந்துக் குடும்பங்களைச் சார்ந்தவர்கள். பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் தோழர்களிடம் ஏதேதோ கேட்டுவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, இந்த ஒரு செய்தியை அந்த முற்றத்திலேயே நின்று சொல்லலாம்.

அங்கிருந்து கடற்கரையை நோக்கி நடந்தால் சேப்பாக்கம். மகனின் மைதானம் 1916 இலிருந்து அங்கே இருக்கிறது. ஆட்டமில்லாத நாளில் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது. அருகிலேயே வாலாஜா நவாப் 1768 இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனை. கலஸ மஹால், ஹுமாயூன் மஹால் என்று இரு பகுதிகள். 2012 ஜனவரியில் கலஸ மஹால் தீக்கு இரையாயிற்று, பின்னர் செப்பனிட்டார்கள். நவாப் ஆங்கிலேயரிடம் வாங்கிய கடன் வளர்ந்து வளர்ந்து நாட்டையே விழுங்கியதும், 1855 இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்தபின் அந்தப் பட்டமே ஒழிந்ததும் இந்தச் சுவர்களின் கதை. "வட்டிக்கு வாங்கினா அரண்மனையும் தங்காது" என்று என் மனைவி சொன்னாள். மாதத் தவணையில் வாங்கிய என் மோட்டார் சைக்கிளைத்தான் குறிப்பிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

கடலில் இறங்கி விளையாடப் பிள்ளைகள் துடிப்பார்கள். நம் தேவனாம்பட்டினக் கடற்கரையில் நின்று பழகிய துணிச்சல் இங்கே உதவாது. மெரினாவின் அலை காலை இழுக்கும். குளிக்கத் தடையும் உண்டு. முழங்கால் நனையவும் நான் விடவில்லை. இதில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க மறுத்துவிட்டேன்.

நேரம் கிடைத்தால் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. 1947 ஆகஸ்ட் 15 அன்று அக்கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக் கொடி அங்கே பாதுகாக்கப்படுகிறது. கடலூர்ப் பிள்ளைகளுக்கு அங்கே சொல்ல ஒரு கதையும் உண்டு. 1746 இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றியபோது, கம்பெனியின் தலைமையிடம் நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு மாறிற்று. 1752 வரை சென்னையின் ஆட்சி நம் கடலூரிலிருந்துதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் நான் பயந்திருந்தேன்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது. ஒன்பது தளங்கள். 2011 இல் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அரசு அறிவித்ததும், வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று நூலகம் நூலகமாகவே நிலைத்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். மகள் சனிக்கிழமை இரவு ஒரு வேண்டுகோள் வைத்தாள். "நானும் தம்பியும் மட்டும் ரயிலில் போறோம். நீங்க ரெண்டு பேரும் தியாகராய நகருக்குப் போய்ட்டு பன்னிரண்டு மணிக்கு லைப்ரரி வாசலுக்கு வாங்க" என்றாள். இது எங்கள் பட்டியலில் இல்லாதது. அறையில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. என் மனைவி மறுப்பாள் என்று எதிர்பார்த்து, சமாதான வார்த்தைகளை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளோ, "எந்த ஸ்டேஷனில் ஏறணும், எதில் இறங்கணும்னு எழுதிக் காட்டு" என்றாள்.

சிந்தாதிரிப்பேட்டை நிலையம் வரை உடன் சென்றோம். பறக்கும் இரயில் அங்கிருந்து சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வழியாகச் சென்று, அடையாற்றைக் கடந்து கோட்டூர்புரத்தில் நிற்கும். வண்டி கிளம்பியதும் என் மனைவி ஆயத்துல் குர்ஸீ ஓதி ஊதினாள். பிறகு மாம்பலம் சென்றோம். ரங்கநாதன் தெருவில் அவள் வாங்கியது இரண்டு தலையணை உறைகள் மட்டுமே. முந்தைய ஆண்டு மூன்று மணி நேரம் நடந்த தெருவில் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டாள். வழியில் அந்தப் பாத்திரக் கடையைத் தாண்டும்போது இருவரும் ஒன்றும் பேசவில்லை. 'வந்து சேர்ந்தோம்' என்று மகளிடமிருந்து கைப்பேசியில் ஒரு வரி வந்திருந்தது. அதை அவள் நான்கு முறையாவது எடுத்துப் பார்த்திருப்பாள்.

பதினொன்றே முக்காலுக்கே நூலக வாசலில் நின்றோம். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டு பத்து. கைப்பேசியை அழைத்தால் எடுக்கவில்லை. பன்னிரண்டே காலுக்கு இருவரும் படியிறங்கி வந்தார்கள். உள்ளே ஒலியை அடக்கி வைக்கச் சொல்லும் வழக்கம். எடுத்துப் பார்க்க மறந்துவிட்டார்கள். மகன் கணிதப் புதிர்ப் புத்தகம் ஒன்றில் தலையை விட்டவன் எழுந்திருக்கவில்லையாம். நான் கோபிக்கத் தொடங்குமுன், "சாப்பாட்டுக்கு நேரமாச்சு, அப்புறம் பேசிக்கலாம்" என்று மனைவி என் கையைத் தொட்டாள். அருகிலேயே 1988 முதல் இயங்கும் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. தமிழிலும் காட்சி உண்டு. மாலை வண்டிக்கு முன்பு அதையும் பார்த்தோம். எங்கள் விதிப்படி அது கணக்கில் இல்லாத இடம். மகன் செலவுக் கணக்கில் அதை 'இதர வகை' என்று எழுதிக்கொண்டான்.

இரவு விழுப்புரத்தில் இறங்கிப் பண்ருட்டிப் பேருந்துக்காக நின்றிருந்தோம். பிள்ளைகள் பெட்டியின்மேல் சாய்ந்திருந்தார்கள். என் மனைவி நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மகளிடம், "ஞாயித்துக்கிழமை வெளியே போனா எத்தனை மணிக்குள்ளே ஹாஸ்டலுக்குத் திரும்பணும்னு அந்த அம்மா சொன்னாங்க? அதை நான் எழுதிக்காம விட்டுட்டேன்" என்றாள்.

மகள் தூக்கக் கலக்கத்தில் நேரத்தைச் சொன்னாள். என் மனைவி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். பேருந்து வந்துவிட்டது.